விடிந்த பிறகு குதிக்கலாம்

கொட்டாவி விட்டதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. உச்சியை மட்டும் ஏற்றாத குறையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

உச்சி என்பது பாலம் கட்டும் இடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். ஆற்றின் நடுவே நிற்கும் டவர் கிரேனின் தலையில், குளியலறை அளவுள்ள ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே கிடக்கும் இரும்பையெல்லாம் பூப்போலத் தூக்கி வைக்கிறவள் அவள். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவாள். மதியச் சாப்பாடுகூட ஒரு வாளியில் கயிறு கட்டி மேலே போகும். கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் அவளுடைய முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை, வாக்கி-டாக்கியில் குரலைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குரல் ஒரு அதட்டுப் போட்டால் லாரிக்காரர்கள் பேச்சுமூச்சில்லாமல் வண்டியைத் தள்ளி நிறுத்துவார்கள்.

இரண்டு கரையிலிருந்தும் பாலம் கையை நீட்டிக்கொண்டே வந்து, நடுவில் ஒரே ஒரு துண்டுக்கான இடைவெளி பாக்கி நின்றது. மற்ற எல்லாத் துண்டுகளையும் அவள்தான் வைத்திருந்தாள். அந்தக் கடைசி நடுத்துண்டையும் அவள்தான் வைக்க வேண்டும். அவளுக்கு அது வெறும் ஆசை இல்லை. அதை வேறொருவர் வந்து வைத்தால், நாள் பூராவும் அடுப்படியில் வெந்து சமைத்தவளிடமிருந்து பரிமாறும் நேரத்தில் கரண்டியைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

பிடுங்குவதற்குத் தயாராக இருந்தது ஒரு சின்னப் பெட்டி.

உயரத்தில் வேலை செய்கிறவர்கள் தினமும் ஏறுவதற்கு முன் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வேண்டும். அதில் ஒரு சிவப்பு விளக்கு எப்போது எரியும் என்று தெரியாமல் எரியும். எரிந்தவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். தூக்கம் கெட்டவனுக்குக் கண் பார்த்தாலும் கை தாமதமாகத்தான் போகும். அப்படி நாலைந்து முறை தாமதமானால் பெட்டி ஒரு அழுகுரல் எழுப்பும். அன்றைக்கு ஏற முடியாது. தரையில் நின்று கொடி காட்டலாம், அவ்வளவுதான்.

பெட்டிக்குப் பொறுப்பாளர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி. சாப்பிடும்போதும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாத ஆசாமி என்பதால், வந்த முதல் வாரத்திலேயே அவருக்கு ‘ஹெல்மெட்டார்’ என்று பெயராகிவிட்டது. அவரிடம் சிபாரிசு செல்லாது, சிரிப்பும் செல்லாது.

உச்சி அந்தப் பெட்டியில் தோற்க ஆரம்பித்திருந்தாள்.

இதன் ஆரம்பம் அவளுடைய இடுப்பில் இருந்தது. நாள் முழுக்க ஒரே நாற்காலி. மூளை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், கால் மரக்கட்டையாகக் கிடக்கும். இடுப்பு பிடித்துக்கொண்டது, தூக்கமும் லேசாக ஆட்டம் கண்டது. டாக்டரிடம் போனாள். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, “உடம்பு அசையவே இல்லம்மா. உடற்பயிற்சி பண்ணுங்க, எல்லாம் சரியாப் போகும்” என்றார். மாத்திரை என்றால் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டுக் கொடுப்பவர்கள், உடற்பயிற்சிக்கு மட்டும் கட்டம் போடுவதில்லை. அவர் நேரம் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.

அந்தக் கட்டத்தை நிரப்பியவர் அவளுடைய அண்ணன். சொந்தமாக உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். கதவு வழியாக நேராக வர மாட்டார், தோள் இடிக்கும் என்று பக்கவாட்டில்தான் நுழைவார்.

“இது என்ன பெரிய வியாதியா பாப்பா. படுக்கப்போற நேரத்துல உடம்ப அடிச்சுப் போடு. தூக்கம் தானா வந்து கால்ல விழும். நான் அப்படித்தான் தூங்கறேன்” என்று சொல்லி ஒரு ஸ்கிப்பிங் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இரவு பத்து மணிவரை பளு தூக்கிவிட்டு, தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை விடுகிற உடம்பு அவருடையது. ஆனால் அண்ணன் செருப்பு தங்கை காலுக்குச் சேருமா என்று இருவருமே யோசிக்கவில்லை.

பகல் பாலத்துக்குப் போயிற்று, மாலை வீட்டுக்குப் போயிற்று, அவளுக்கென்று மிச்சம் இருந்தது ராத்திரிதான். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி, படுக்கையை உதறிப் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்று குதிப்பாள். வியர்வை ஆறாய் ஓடும். அப்படியே போய்ப் படுப்பாள். உடம்பு அடித்துப் போட்ட மாதிரிதான் கிடக்கும், கண் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். நெஞ்சு திம் திம் என்று அடிக்கும். தலையணையை எந்தப் பக்கம் திருப்பினாலும் சூடு. எப்போதோ செத்துப்போன பக்கத்து வீட்டுப் பூனை முதல் நாளைக்குத் தூக்க வேண்டிய கம்பி வரை எல்லாம் வரிசையில் வந்து நின்று நலம் விசாரிக்கும்.

போதாதென்று, அவள் குதிக்கும்போதெல்லாம் தரைக்குக் கீழிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம் வேறு வரும். ஓட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிற அவள் கணவன், தூக்கக் கலக்கத்தில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “குழாய்ல காத்து அடைச்சிருக்கு” என்று தீர்ப்புச் சொன்னான். அவளுக்கும் அந்தத் தாளம் பிடித்துப்போயிற்று. அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் வேகமாகக் குதித்தாள்.

தூக்கம் குறையக் குறைய, இன்னும் போதுமான அளவு குதிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். இன்னும் குதித்தாள். இன்னும் தூக்கம் போயிற்று. தீயை அணைக்க எண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதைதான்.

ஒரு சனிக்கிழமை காலை பெட்டி மறுபடியும் அழுதது. அந்த நேரம் பார்த்துத் தலைமைப் பொறியாளர் அம்மா உள்ளே வந்தார். அதிகம் பேசாதவர். பேசினால் அதில் ஒரு சொல்லைக்கூட எடுத்துப் போட முடியாது.

“நடுத்துண்ட அடுத்த வார முடிவில தூக்கறோம்” என்றார். “உங்கள மாதிரி கைப்பக்குவம் எனக்கு வேற யார்கிட்டயும் கிடைக்காது. ஆனா தூக்கக் கலக்கத்துல இருக்கற ஆளுகிட்ட அத்தனை பேர் உயிர நான் குடுக்க முடியாது. இனிமே ஒரு நாள் இது அழுதாலும், வேற கிரேன்காரர வரவழைச்சிருவேன். வருத்தப்படாதீங்க.”

வருத்தப்படாதே என்று சொல்லிவிட்டு வருத்தப்படும்படி செய்வது எல்லோருக்கும் கைவந்த கலை. உச்சி ஹெல்மெட்டாரை ஒரு பார்வை பார்த்தாள். அவருடைய கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. கடுமையான ஆளாயிற்றே, உள்ளே எரிகிற எரிச்சல் கண்ணில் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு, கொடியை எடுத்துக்கொண்டு தரைக்குப் போனாள். தலைக்கு மேலே அவளுடைய கூண்டு காலியாக நின்றது. அன்றைக்குப் பூராவும் அண்ணாந்து பார்க்கக் கூசியது அவளுக்கு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தாள். கசங்கிய சட்டையும் கலங்கிய கண்ணுமாக ஒரு வழுக்கைத் தலைக்காரர் நின்றார்.

“கீழ்வீட்டுல புதுசா வந்திருக்கேன்” என்றார். “ஒரு விஷயம் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க வீட்டுல குதிரை ஏதும் வளர்க்கறீங்களா?”

முகம் புதிது. குரல் புதிதில்லை. தினமும் காலையில் ‘விளக்கப் பாருங்க, அழுத்துங்க’ என்று சொல்கிற குரல். ஹெல்மெட் இல்லாமல் அந்தத் தலையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“சார், நீங்களா?”

அவரும் அப்போதுதான் கூர்ந்து பார்த்தார். இருட்டு விலகுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிற மனிதர், மாடியில் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க நேரமில்லாதவர். அவருடைய பார்வை அவளைத் தாண்டி உள்ளே போய், ஆணியில் தொங்கிய கயிற்றில் நின்றது.

“நீங்கதானா அது” என்றார் மெதுவாக. “இந்த வீட்டுக்குக் குடி வந்த நாள்லேருந்து நான் தூங்கல. துடைப்பக் கட்டையால எத்தனை தடவை கூரையத் தட்டியிருப்பேன். தட்டத் தட்ட இன்னும் வேகமா இல்ல குதிக்கறீங்க.”

உள்ளே இருந்த கணவனுக்குக் குழாய் விஷயம் விளங்கிவிட்டது. சத்தமில்லாமல் சமையலறைக்கு நழுவினான்.

“சார், நானும்தான் தூங்கல” என்றாள் உச்சி.

“குதிச்சுக்கிட்டே இருந்தா எப்படித் தூங்குவீங்க?”

“தூக்கம் வரணும்னுதான் சார் குதிக்கறேன்.”

ஹெல்மெட்டார் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார். “இப்ப நான் சொல்றது சரியான்னு பாருங்க. தூக்கம் வரணும்னு நீங்க குதிக்கறீங்க. நீங்க குதிக்கறதால எனக்குத் தூக்கம் போகுது. விடிஞ்சதும் தூக்கம் கெட்ட ரெண்டு பேரும் ஒரு பெட்டிய நடுவுல வச்சுக்கிட்டு, யார் முழிச்சிருக்காங்கன்னு பாக்கறோம்.”

சமையலறையில் ஏதோ ஒரு கிண்ணம் விழுந்தது. கணவன் சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறான்.

உச்சிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டு நடுத்துண்டைப் பற்றிச் சொன்னாள். பொறியாளர் அம்மா சொன்னதை அவரும்தான் கேட்டிருந்தார், ஆனால் அவளுக்கு அது என்ன என்பதை இப்போதுதான் கேட்டார்.

“பெட்டி விஷயத்துல நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அது அழுதா அழுததுதான். கயிறு விஷயத்துல ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல அது தரையில படக்கூடாது. காலையில பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வாங்க. கேட்டத் திறந்து வைக்கறேன். விடிஞ்ச பிறகு எவ்வளவு வேணும்னாலும் குதிங்க.”

அவள் ஒப்புக்கொண்டாள். புத்தி தெளிந்து ஒப்புக்கொண்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெட்டி அவர் கையில் இருந்தது. எஞ்சியிருந்த துளித் தூக்கமும் இனி இல்லை, நடுத்துண்டு கைவிட்டுப் போனது போனதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் தலையாட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பாலத்தின் கரைப்பக்கத் தளத்தில், இரும்புக் குழாய்களுக்கும் சிமெண்டு மூட்டைகளுக்கும் நடுவே நின்று குதித்தாள். வெல்டிங் வேலைக்காரர்கள் தேநீர்க் குவளையோடு வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன உச்சியக்கா, கிரேன் இல்லாமலே மேல போகப் பாக்கறீங்களா?” என்றான் ஒருவன்.

“நீ வந்து நில்லு, உன்னைக் கொக்கியில மாட்டிக் கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அவள், மூச்சு வாங்க. அன்றைக்குப் பெட்டி அழவில்லை, ஆனால் அழப்போகிற மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது.

முதல் இரவு பழைய இரவுபோலத்தான் இருந்தது. இரண்டாம் இரவு பூனையின் நினைவு வந்தது, கம்பி வருவதற்குள் கண் அயர்ந்துவிட்டது. அதற்கடுத்த இரவு அவள் கணவனிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. அவன் திரும்பிப் பார்த்தால் அடித்துப் போட்ட மாதிரி உறங்குகிறாள். மீதி வாக்கியம் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு அன்றைக்கு விழித்துக் கிடந்தவன் அவன்.

காலையில் அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தானே ஆச்சரியப்பட்டாள். “அதே கயிறு, அதே குதி. ராத்திரி தூக்கத்தக் கெடுத்தது, காலையில குதிச்சா எப்படிங்க தூக்கம் குடுக்குது?”

“எங்க இஸ்திரிப் பெட்டிய வந்து பாரு” என்றான் அவன். “சுவிட்ச அணைச்சுட்டாலும் உடனே ஆறிடாது. அணைச்ச பிறகும் நாலு சட்டை தேய்ச்சிரலாம். அந்தச் சூட்டோட பெட்டிய மெத்தை மேல வச்சா மெத்தை என்னத்துக்கு ஆகும்? நீ தினம் அதத்தான பண்ணிட்டிருந்த.”

அன்று டாக்டருக்குப் போன் போட்டாள். சிலருக்கு அப்படித்தான், படுக்கும் நேரத்தில் கடுமையாக உடம்பை வருத்தினால் உடம்பு அடங்க வெகுநேரம் ஆகும், சிலருக்கு ஒன்றும் செய்யாது என்றார் அவர். “நான் நேரம் சொல்லலையா?” என்று கேட்டார். “சொல்லல டாக்டர்” என்றாள். மறுமுனையில் ஒரு இருமல் மட்டும் கேட்டது.

பெட்டி வாரம் முழுக்க வாய் திறக்கவில்லை. ஹெல்மெட்டாரின் கண்ணிலிருந்தும் சிவப்பு இறங்கியது. ஆனாலும் அவர் பாதித் தூக்கம்தான் தூங்கினார். எந்த நேரத்தில் கூரை அதிரப் போகிறதோ என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே படுத்தார். சூடு கண்ட பூனை அல்லவா.

நடுத்துண்டைத் தூக்குவதற்கு முந்தைய மாலை அண்ணன் வந்தார், தங்கைக்குத் தைரியம் சொல்ல. கையில் புதுக் கயிறு. கைப்பிடியில் இரும்பு வைத்த கனமான கயிறு.

“நாளைக்குப் பெரிய நாள் பாப்பா. இன்னைக்கு இதை வச்சு ஒரு பிடி பிடிச்சுட்டுப் படு. கட்டை மாதிரி தூங்கிடுவ.”

“வேண்டாம்ணே. எனக்குக் காலையிலதான் சரியா வருது.”

“ஒரு வாரத்துல என்னத்தக் கண்ட? பெரிய நாளுக்கு முந்தி உடம்ப சும்மா போட்டா அது திமிறும். நான் இத்தனை வருஷமா ஆளுங்கள உருவாக்கறவன், எனக்குத் தெரியாதா?”

அன்று அவளுக்கு உள்ளே பதற்றம் அலையடித்துக்கொண்டிருந்தது. மாலையிலிருந்தே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கயிற்றைக் கையில் வாங்கினாள். கனம் உள்ளங்கையில் சுகமாக இருந்தது. ஒரே ஒரு சுற்று, கொஞ்சமே கொஞ்சம், இந்தப் பதற்றமாவது வெளியேறும் என்று உடம்பு கெஞ்சியது. அண்ணன் நாற்காலியை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தார். கணவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கயிற்றைச் சுருட்டினாள். ஆணியில் தொங்கிய பழைய கயிற்றையும் எடுத்தாள். விறுவிறுவென்று படி இறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“சார், இது ரெண்டும் விடியறவரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”

ஹெல்மெட்டார் பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “இன்னைக்குத்தாம்மா நான் நிம்மதியாத் தூங்கப் போறேன்” என்றார். அதை அவர் எவ்வளவு உண்மையாகச் சொன்னார் என்பது மறுநாள் தெரிந்தது.

மேலே வந்து, கணவன் கொடுத்த வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, அண்ணன் முணுமுணுப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படுத்தாள். பதற்றம் கொஞ்ச நேரம் கூடவே படுத்திருந்தது. சூடில்லாத படுக்கையில் அதற்கு வேலையில்லை. எழுந்து போய்விட்டது.

விடியலில் அவள் விழித்தபோது உடம்பு துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. கிளம்பிக் கீழே வந்தாள். வாசலில் ஹெல்மெட்டாரின் மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. எப்போதும் அவளுக்கு வெகு முன்னாலேயே போய்விடுகிற வண்டி அது. பெட்டி இருக்கும் அறைச் சாவி அவரிடம். அவர் பார்த்து அனுமதிக்காமல் யாரும் ஏற முடியாது. வெயில் ஏறினால் ஆற்றில் காற்று கிளம்பும், அதற்குள் துண்டை வைத்தாக வேண்டும். இன்று தவறினால் அடுத்து எப்போது காற்று அடங்குமோ, அதற்குள் யார் வருவார்களோ.

கதவைத் தட்டினாள். இடித்தாள். மணியை அழுத்திப் பிடித்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. குடும்பத்தை வேறிடத்தில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கிற மனிதர், உள்ளே எழுப்பவும் ஆளில்லை. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனைத்தான் எழுப்ப முடியாது என்று சொல்வார்கள். ஹெல்மெட்டார் நடிக்கவில்லை. ஆனாலும் எழவில்லை. கயிறு தன் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், இத்தனை நாள் திறந்து வைத்திருந்த காதையும் மூடிக்கொண்டு, மொத்தக் கடனையும் ஒரே இரவில் தூங்கித் தீர்த்துக்கொண்டிருந்தார்.

உச்சி ஒரு நொடி நின்றாள். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். செருப்போடு நேராகப் படுக்கையறைக்குப் போய், எழும்பிக் குதித்தாள். கயிறில்லாமல் குதித்தாள். பழைய இரவுகள் அத்தனையிலும் குதித்ததைச் சேர்த்துவைத்துக் குதித்தாள்.

கூடத்தில் படுத்திருந்த அண்ணன் அரண்டு எழுந்து வந்தார். “என்ன பாப்பா, வேண்டாம்னு சொன்னியே.”

“பேசாம நீங்களும் குதிங்கண்ணே.”

எதற்கு என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. குதித்தார். அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. கணவனும் முகச்சவர நுரையோடு வந்து சேர்ந்துகொண்டான். வீடு வண்டிபோல ஆடியது.

கீழிருந்து சத்தம் வந்தது. டொக். டொக் டொக்.

மூவரும் நின்றார்கள். தரையைத் துளைத்துக்கொண்டு ஒரு கோபக் குரல் கேட்டது: “எட்டு மணிக்கு மேல குதிக்கக்கூடாதுன்னு ஒப்பந்தமா இல்லையா?”

உச்சி மண்டியிட்டுத் தரையோடு வாய் வைத்துக் கத்தினாள். “சார், விடிஞ்சிருச்சு.”

கீழே ஏதோ உருண்டது, எதுவோ கவிழ்ந்தது, ஒரு கதவு படாரென்று திறந்தது.

மோட்டார் சைக்கிள் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த உச்சிக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்து, அதன் பட்டையை இறுக்கினாளா என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் அவர் வண்டியையே எடுத்தார். அவசரம் வேறு, விதி வேறு.

பொறியாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெல்மெட்டார் ஓடிப்போய் அறையைத் திறந்து பெட்டியை எடுத்து வைத்தார். உச்சி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது, அழுத்தினாள். எரிந்தது, அழுத்தினாள். விளக்குக்கும் விரலுக்கும் நடுவே ஒரு ஈகூடப் புக முடியாது. சோதனை முடிந்தபோது ஹெல்மெட்டார் பெட்டியின் முகப்பைப் பார்த்தார். அதை அப்படியே பொறியாளர் அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இந்தத் தளத்துல இதுவரைக்கும் யாரும் இவ்வளவு வேகமா அழுத்தினதில்ல” என்றார்.

“ஏறுங்க” என்றார் பொறியாளர் அம்மா.

உச்சி ஏறினாள். கூண்டுக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். ஆறு அசையாமல் கிடந்தது. படகின் மேல் நடுத்துண்டு படுத்திருந்தது, ஒரு கல்யாண மண்டபத்தின் மேடை அகலத்துக்கு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த இரும்புத் தளம். கொக்கி இறங்கியது, பிடித்தது. “தூக்கலாம் உச்சியக்கா” என்றது வாக்கி-டாக்கி.

தூக்கினாள். படகிலிருந்து எழுகிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி அது எழுந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாயப் பார்த்தது. கீழே யாரும் சொல்வதற்கு முன்பே அவள் கை அதைச் சமன் பண்ணிவிட்டது. அவளுக்கே வியப்பாக இருந்தது. கண் பார்ப்பதும் கை செய்வதும் ஒன்றாகிவிட்ட நாள் அது. இடைவெளிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினாள். முதல் காற்று வந்து கூண்டின் கண்ணாடியைத் தொட்டது. துண்டு ஆட நினைத்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம்” என்றது கீழ்க்குரல். “இன்னும் கொஞ்சம். ஒரு விரல். அரை விரல்.”

ஒரு மெல்லிய டங் சத்தம், ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்டது. உட்கார்ந்துவிட்டது.

கீழே எழுந்த கூச்சலில் வாக்கி-டாக்கி எதற்கு என்று ஆகிவிட்டது. லாரிகள் ஹாரன் அடித்தன, படகுக்காரர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார், வெல்டிங்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கினார்கள். உச்சி மேலே தனியாக உட்கார்ந்து அழுதாள். வைத்தது அவள். அழவும் அவளுக்குத்தான் உரிமை.

மதியத்துக்குப் பிறகு, போல்ட்டுகள் எல்லாம் இறுக்கி முடித்த பிறகு, பொறியாளர் அம்மா அவளைக் கீழே வரச் சொன்னார். பாலம் கரைக்குக் கரை ஒன்றாகிவிட்டது. கரையில் வேலைக்காரர்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். அண்ணனும் கணவனும் சேதி கேட்டு வந்து நின்றார்கள். அண்ணன் எல்லோரிடமும், “காலையில நானும் கூடக் குதிச்சேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாங்க யாரும் இன்னும் அதுமேல கால் வைக்கல” என்றார் பொறியாளர் அம்மா. “நீங்க முதல்ல போங்க.”

உச்சி நடந்தாள். பாலத்தின் நடுவில், தான் வைத்த துண்டின் மேல் போய் நின்றாள். பின்னாலேயே ஹெல்மெட்டார் வந்தார், கையில் ஒரு பை. அதிலிருந்து பழைய கயிற்றை எடுத்து நீட்டினார்.

“விடிஞ்சதும் குடுங்கன்னு சொன்னீங்க. கொஞ்சம் தாமதமாயிருச்சு.”

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டு, வெயிலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“இப்ப குதிக்கலாமா சார்?”

ஹெல்மெட்டார் கைப்பிடியோரம் போய் எட்டிக் கீழே பார்த்தார். ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வந்த நாளிலிருந்து பாலத்தில் யாரும் பார்த்திராதபடி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

“கீழ யாரும் குடியில்லம்மா” என்றார். “நல்லாக் குதிங்க.”

அவள் குதித்தாள். இரும்புத் தளம் திம் திம் என்று அதிர்ந்து இரண்டு கரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது.